எழுதியதைத் தின்னும் பெட்டி

எனக்குச் சீட்டாட்டம் பிடிக்கும். தனியாக ஆடுகிற சீட்டாட்டம். எதிரே ஒரு ஆளை உட்கார வைத்தால் அவன் கையைப் பார்க்க வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், தண்ணீர் குடிக்க எழுந்தால் எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறான் என்று பார்க்க வேண்டும். வயதான காலத்தில் அவ்வளவு வேலை ஆகாது. தனியாக ஆடினால் ஏமாற்றக்கூடியவன் நான் ஒருவன்தான். அவனை எனக்கு ஓரளவு தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இந்த விஷயம் அந்தச் சீட்டாட்டத்தில்தான் ஆரம்பித்தது. முதலில் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிறகு வந்தது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன், மறைக்க மாட்டேன்.

என் தொழில் பூட்டு. பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி, தாழ்ப்பாள், கொக்கி. நான்கு மாடிக் கட்டடத்தில் படிக்கட்டுக்குக் கீழே மிஞ்சிப்போன முக்கோண இடம் என் கடை. அதற்குப் பின்னால் ஒரு அறை, அது வீடு. படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பில் என் பெயர் இருந்தது, நான் இல்லை. மனைவி போய்ப் பதினோரு வருஷம். ஒரே மகன் தூரத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "சாப்பிட்டீங்களாப்பா" என்பான். "ஆச்சு" என்பேன். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் விஷயம் கிடையாது.

எனக்கு நேர் மேலே, முதல் மாடியில், ஒரு நர்ஸ் தனியாகக் குடியிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நான்கு தெரு தள்ளி ஒரு கிளினிக்கில் வேலை. அது முடிந்ததும் வீடு வீடாகப் போவாள். ஊசி போடுவாள், புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள், படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் திருப்பிப் படுக்க வைப்பாள். தெரு முழுக்க அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். அவள் மணி அடித்தால் யார் என்று கேட்காமல் கதவைத் திறப்பார்கள். பூட்டுக்காரன் சொல்கிறேன், அப்படித் திறக்கப்படுகிற ஆள் ஒரு தெருவுக்கு ஒருத்தர் இருந்தால் அதிகம். எனக்கெல்லாம் சங்கிலியை மாட்டிக்கொண்டு இடுக்கு வழியாகத்தான் முகம் காட்டுவார்கள்.

அவள் கம்ப்யூட்டரில் ஒரு பிளாக்கும் வைத்திருந்தாள். 'நர்ஸம்மா பக்கம்' என்று பெயர். கண்ணுக்குச் சொட்டு மருந்து எப்படி விடுவது, சர்க்கரைக்காரர்களுக்குக் கால் நகம் எப்படி வெட்டுவது, இதெல்லாம் எழுதுவாள். மேலே அவள் பெயர், பக்கத்தில் அவள் போட்டோ. மாதத்துக்கு ஒன்று எழுதினால் பெரிது. தெருவில் பாதிப் பேர் போனில் அதைப் படித்தார்கள். நான் படித்ததில்லை. எனக்குக் கால் நகம் வெட்டத் தெரியும்.

போன வருஷம் அவள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாள். பழையதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

"பெரியப்பா, இத தூக்கிப் போட மனசு வரல. இதுல சீட்டு வெளயாட்டு இருக்கு. நீங்களே உங்கள ஏமாத்திக்கலாம்."

"எனக்கு எதுக்கு பாப்பா இதெல்லாம்? கரெண்டு அடிக்கும்."

"உங்கள அடிக்கறதுக்கு அதுக்குத் தைரியம் வேணும்."

அவளே மேசை மேல் வைத்து ஒயரெல்லாம் சொருகினாள். அவள் வீட்டு வைஃபை என் அறை வரைக்கும் வரும் என்று சொல்லி அதையும் போட்டுவிட்டாள். கீபோர்டில் தமிழ் எழுத்துகள் ஒட்டியிருந்தன. எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடி ஒரு விரலால் குத்த இரண்டு நாளில் பழகிவிட்டது. சாவியில் பல் அறுக்கிறவனுக்கு அது ஒரு வேலையே இல்லை.

அந்தத் திரையின் வலது மூலையில் மஞ்சளாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது. விட்ஜெட் என்பார்களாம், எனக்கு அப்போது தெரியாது. உள்ளே எழுத இடம், கீழே ஒரு பொத்தான். பொத்தானில் ஆங்கிலத்தில் ஏதோ போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பூட்டுக் கம்பெனிகளின் பெயர்கள் மட்டும். இது அவற்றில் எதுவும் இல்லை.

ஒருநாள் சீட்டு சலித்துப்போய் அந்தப் பெட்டிக்குள், 'வீட்டு ஓனர் சிரித்தால் நம்பக் கூடாது' என்று எழுதிப் பார்த்தேன். பொத்தானை அமுக்கினேன். எழுத்து காணாமல் போயிற்று. பெட்டி காலி. ஓரத்தில் பச்சையாக ஒரு டிக் அடித்துவிட்டு அதுவும் மறைந்துவிட்டது. எழுதியது எங்கே போயிற்று என்று அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷத் தொழிலில் எத்தனையோ பூட்டு பார்த்துவிட்டேன். போட்டவனுக்கே திறக்காத பூட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் நான் முழுசாக நம்பிய ஒரே பொருள் அந்த மஞ்சள் பெட்டி. பெண்டாட்டியைக் கூட அவ்வளவு நம்பவில்லை. அவளுக்கு அது தெரியும்.

பூட்டுக்காரன் வீடுகளுக்குள் போகிறவன். கேட்காததெல்லாம் கண்ணில் படும். யாரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் மனதில் வைத்திருப்பேன். அறுபத்தொன்பது வயதில் மனம் ஒழுக ஆரம்பித்துவிட்டது. அதனால் பெட்டியில் போட்டு வைத்தேன். தினமும் ஒன்று.

'ஹெட்மாஸ்டருக்கு வலது கண் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சாவியை ஓட்டைக்கு இரண்டு விரல் தள்ளிக் குத்துகிறார். பூட்டைக் குறை சொல்கிறார். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, நேற்று ரேடியோவில் கேட்டதையெல்லாம் படித்ததாகச் சொல்கிறார்.'

'தையல்காரம்மாவின் மகள் வெளியூரில் வேலை பார்க்கவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள். உள் அறைக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். மாதம் ஒரு ஊசி. ஊசி போட்ட வாரம் பாட்டுப் பாடுவாள்.'

இப்படி மூன்று வாரம். எனக்காகத்தான் எழுதினேன். திரும்பப் படிக்க முடியாத ஒன்றை எனக்காக எழுதியது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். நானும் பிறகு கேட்டுப் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை கடையில் உட்கார்ந்து ஒரு சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் தையல்காரம்மா, கையில் போன். படிக்கட்டில் ஊசியக்கா, வேலைக்குக் கிளம்பிய கோலத்தில்.

"ஊசி போட வர்ற வீட்டுல உளவு பாக்கறியாடி நீ?"

"என்னக்கா சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் புரியல."

"புரியலயா? உன் மூஞ்சி போட்டிருக்கு, உன் பேரு போட்டிருக்கு. என் பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கறவ. கேளுங்கய்யா எல்லாரும். 'உள் அறைக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். மாதம் ஒரு ஊசி.' அந்த ஊசி போடறது யாரு? எங்க தாத்தாவா?"

மீதியையும் அவள் படித்தாள். தெருவில் எட்டுப் பத்துப் பேர் நின்றுவிட்டார்கள். இப்போது எல்லாரையும் போல நானும், தூக்கிவாரிப் போட்டது, கை நடுங்கியது என்று எழுதலாம். அப்படி எதுவும் இல்லை. என் வாக்கியம் தெருவில் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவுதான் தோன்றியது. 'பாட்டுப் பாடுவாள்' என்ற இடத்தில் ஒருத்தர் கூட மூச்சு விடவில்லை. தையல்காரம்மா அழுதபடி படித்ததால் நடுவில் ஒரு இடத்தில் தப்பாக நிறுத்தினாள். அதைத் திருத்தச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, வாயில் சாவி இருந்தது.

ஊசியக்கா போனைத் திறந்து பார்த்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் தன் பக்கத்தையே ஒரு மாதமாகத் திறக்கவில்லை, இரண்டு ஷிப்ட் வேலை. அங்கேயே எல்லாவற்றையும் அழித்தாள். அதற்குள் தெருவில் எல்லாரும் அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனேன். ஒரு பேச்சுக்குக் கேட்பது போல, மூலையில் மஞ்சள் பெட்டி இருந்தால் அது என்னவென்று கேட்டேன். கடைக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அது பிளாக் விட்ஜெட்டு பெரியவரே. அதுல எழுதி அமுக்கினா நேரா நெட்டுல ஏறிடும். பாஸ்வேர்டு கூடக் கேக்காது. ஒருவாட்டி அனுமதி குடுத்தா குடுத்ததுதான்."

"பாஸ்வேர்டு மாத்திட்டா?"

"மாத்தினாலும் போகும். உள்ள போயி அந்த அனுமதியத் தனியா எடுக்கணும். அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஏன், யாருக்கு வேணும்?"

"சும்மா. பையன் கேட்டான்."

நான் அதற்கு முன் அந்த ஆளிடம் பொய் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு படி ஏறிப் போய், 'பாப்பா, அது நான்தான், தெரியாமல் நடந்துவிட்டது' என்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம். அவள் சிரித்தாலும் சிரித்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு முன் மருந்துக்கடை வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று தோன்றியது, முட்டிக்குத் தைலம் தீர்ந்திருந்தது.

மருந்துக்கடையில் கூட்டம். கடைக்காரர் போனை நீட்டிப் பிடித்து, ஹெட்மாஸ்டர் பற்றியதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். 'பூட்டைக் குறை சொல்கிறார்' என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அது சிரிக்கிற இடம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"என்னமா எழுதுது இந்தப் பொண்ணு" என்றார் ஒருவர். "பாவந்தான், ஆனா எழுத்து எழுத்துதான்யா."

"நறுக்குனு இருக்கு" என்றார் கடைக்காரர். "படிச்ச புள்ள."

கெட்ட எண்ணம் வந்த இடம் இது. மருந்துக்கடை கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், கையில் தைலச் சீசாவோடு. அறுபத்தொன்பது வருஷத்தில் என் பேச்சை முழுசாக ஒருத்தர் கேட்டதில்லை. அன்றைக்குப் பதினான்கு பேர் கேட்டார்கள், எண்ணினேன். அவர்கள் பாராட்டியது அவளை. அதையும் கவனித்தேன்.

அன்று சாயங்காலம் பெட்டியில் எழுதினேன். இந்தத் தடவை எங்கே போகிறது என்று தெரிந்து எழுதினேன்.

எழுதுவது பழகப் பழக ருசி தட்டும் போலிருக்கிறது. முன்பெல்லாம் கண்டதைப் போடுவேன். இப்போது மருந்துக்கடைக்காரர் எங்கே மூச்சு விடுவார் என்று பார்த்து முற்றுப்புள்ளி வைத்தேன். அவரைப் பற்றி மட்டும் எழுதவில்லை, படிக்க ஆள் வேண்டுமே. தினமும் தைலம் வாங்கப் போய்விடுவேன்.

"போன வாரந்தானே வாங்கினீங்க?"

"முட்டி பெருசு."

இன்னும் ஏழு சீசா உடைக்காமல் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் எழுதியதில் பாதிக்கு மேல் ஒரு பூட்டோ தாழ்ப்பாளோ சாவியோ இருக்கும். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. தெருவில் ஒருவருக்காவது, 'என்ன இது, நர்ஸு எழுதுவதெல்லாம் பூட்டாகவே இருக்கிறதே' என்று தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. ஐந்தாம் வகுப்பு அவ்வளவு நல்ல மறைவு. ஒரு சுவருக்குப் பின்னால் ஒளிவதைவிட அது மேல்.

ஊசியக்கா இரண்டு முறை பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு தன் பக்கத்திலேயே எழுதினாள்: 'சில வாரங்களாக இங்கே வருபவை நான் எழுதியவை அல்ல. யாரோ என் பெயரில் செய்கிறார்கள். என்னை நம்புங்கள்.' சாதாரணமாகத்தான் எழுதியிருந்தாள். அதில் உயிர் இல்லை. மருந்துக்கடைக்காரர் அதைப் படித்துக் காட்டியபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் எழுதியதைத் தன்னுடையது இல்லையென்று தள்ளிவிட இவள் யார்?

மறுநாள் பெட்டியில் போட்டேன்: 'நேற்றுப் பயந்துபோய் அப்படிச் சொல்லிவிட்டேன். எல்லாம் நான் எழுதியதுதான். ஒரு வார்த்தையும் பொய் இல்லை.'

அதற்குப் பிறகு கதவுகள் மூடின. அவள் மணி அடித்தால் உள்ளே டிவி சத்தம் குறையும், யாரும் வர மாட்டார்கள். ஹெட்மாஸ்டர் வேறு ஒரு கம்பவுண்டரை வைத்துக்கொண்டார். கிளினிக்கில் அவளை நோயாளிகள் பக்கம் விடாமல் சீட்டு எழுதுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். தையல்காரம்மா மகளுக்கு வேறு யாரையும் வீட்டுக்குள் விடப் பயந்து ஊசியையே நிறுத்திவிட்டாள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு கையையும் துணியால் கட்டியிருந்தார்கள். அதைப் பற்றியும் எழுதினேன். நன்றாக வந்தது.

ஊசியக்காவுக்கு இந்தக் கட்டடத்தில் பேச இருந்த ஒரே ஆள் நான். ஒருநாள் கடைக்கு வந்து நின்றாள்.

"பெரியப்பா, என் வீட்டுப் பூட்ட மாத்திக் குடுங்க. நான் இல்லாதப்ப யாரோ உள்ள வந்து எழுதறாங்க போல."

"மாத்திடலாம் பாப்பா. நீ பயப்படாத."

என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பூட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஏழு லீவர், இரட்டைப் பித்தளை. யானை வந்து தள்ளினாலும் அசையாது. சும்மா ஒப்புக்கு ஒன்றை மாட்டியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் தொழிலில் நான் ஏமாற்றியது கிடையாது. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

பக்கத்தை மூடிவிடட்டுமா என்று அப்போது கேட்டாள். "மூடாத. மூடினா நீதான் செஞ்சன்னு ஆயிடும்" என்றேன். தலையாட்டினாள். அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்றும் கேட்டாள். "அது போன மழையில நனஞ்சு செத்துப் போச்சு" என்றேன். பின் அறையில் மேசைக்கு மேல் ஒரு போர்வை மூடியிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நம்புகிறவர்கள் எதையும் பார்க்க மாட்டார்கள். என் தொழிலுக்கு அதுதான் ஆதாரம்.

பூட்டு போட்ட பிறகும் எழுத்து வந்தது. கிளினிக்கில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் ஒருவர் எல்லாவற்றையும் குடைந்துவிட்டு, எழுதியதெல்லாம் அவள் வீட்டு வைஃபையிலிருந்துதான் வந்திருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். அது உண்மைதானே. என் அறைக்கு வந்தது அவள் வீட்டு வைஃபைதான்.

இனி அந்தக் கடைசி எழுத்து. தூக்கம் கெட்டால் கைநடுக்கம் வந்துவிடுமோ என்று பயந்து, தான் தினமும் மாத்திரை போட்டுத்தான் தூங்குவதாக ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தாள். 'ஊசி போடுகிற கை. யாரிடமும் சொல்லிடாதீங்க பெரியப்பா' என்று. அதை அவள் குரலிலேயே எழுதினேன். 'எனக்கு மாத்திரை இல்லாமல் தூக்கம் இல்லை. இந்தக் கையைத்தான் உங்கள் நரம்பில் வைக்கிறேன்.' எழுதினதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது வரிதான்.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்து, கடைக்கு எதிரே கடைசிப் படியில் உட்கார்ந்தாள். யூனிபாரம் போடவில்லை.

"பெரியப்பா, இத உங்களத் தவிர நான் யார்கிட்டயும் சொல்லல."

சரி, முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. அரத்தைக் கீழே வைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

"உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல" என்றாள். "நீங்க பாவம், உங்களுக்கு எழுதவா தெரியும்? அப்ப நானேதான் எழுதறேன் பெரியப்பா. தூக்கத்துல. மாத்திரை போட்டா சிலருக்கு அப்படி ஆகும்னு நானே படிச்சிருக்கேன். எந்திரிச்சு ஒக்காந்து எழுதிட்டு, மறுபடி படுத்துடறேன் போல. அப்படி இருக்குமா?"

அவள் பாசத்தோடுதான் சொன்னாள். என்னை நோகடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை இருக்கிறதே. எழுதவா தெரியும்.

"இருக்கும் பாப்பா" என்றேன். "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நீ தூங்கற நேரத்துல மேல டைப் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடையதையோ பார்ப்பது போல.

"எத்தன நாளா?"

"மூணு மாசமா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல பெரியப்பா" என்றாள். கோபமாகக் கூட இல்லை. "பரவால்ல. இப்பவாவது தெரிஞ்சுதே." போகும்போது எனக்கு நன்றி சொன்னாள்.

டாக்டர் கேட்டபடி கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 'எல்லாம் நான் எழுதியது, என் சுய நினைவில் எழுதியது இல்லை, மன்னித்துவிடுங்கள்.' எல்லார் கண்ணிலும் படட்டும் என்று அதை அவள் பக்கத்திலேயே போட்டு, பக்கத்தை மூடாமல் வைத்திருக்கச் சொன்னார் டாக்டர். வேலை போயிற்று. இனி எங்கேயும் ஊசியைத் தொட முடியாது என்று பேசிக்கொண்டார்கள்.

அவளுடைய அம்மா வந்து அழைத்துப் போனார். கண்பார்வை குறைந்த அம்மாள், மகளின் முழங்கையைப் பிடித்தபடி இறங்கினார். யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. பைகளை நான்தான் தூக்கி வந்தேன். ஆட்டோவில் ஏறுவதற்கு முன் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களப் பத்தி நெறைய சொல்லுவா அண்ணா. நீங்க இல்லன்னா எம் பொண்ணு என்ன ஆயிருப்பாளோ."

"அட, நான் என்னம்மா செஞ்சேன்" என்றேன். வழக்கமாக எல்லாரும் சொல்வதுதான்.

வீட்டைக் காலி செய்ய ஆறு மாதம் கழித்து வருவதாகச் சொல்லி, பித்தளைப் பூட்டின் சாவியை ஊசியக்கா என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வாரம் ஒருமுறை மேலே போய்ப் பார்க்கிறேன். கட்டிலுக்கு மேல் உறை போட்டிருக்கிறது. வைஃபை டப்பாவில் பச்சை விளக்கு எரிகிறது. அதில் தூசி படாமல் துடைத்துவிட்டு வருவேன்.

அவள் போன பிறகு நான் எதுவும் எழுதவில்லை. இரண்டு மாதம் ஆகிறது. ஆனால் பக்கம் இருக்கிறது, ஆட்கள் வருகிறார்கள். மருந்துக்கடைக்காரர் படித்துக் காட்டினார். 'அந்த அம்மா மறுபடி எழுத மாட்டார்களா' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'மனம் பிசகிய நிலையிலேயே இப்படி எழுதினார் என்றால், தெளிவாக இருந்தால் எப்படி எழுதியிருப்பார்' என்று ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். மனம் பிசகிய நிலையாம். நான் ஒரு நாளும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஒரு அப்பாவிப் பெண் செய்யாததைச் செய்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கேயோ தன் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே தைலம் தடவிக்கொண்டிருக்கிறேன், இது நியாயம் இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் இந்த மஞ்சள் பெட்டிக்குள் எழுதிவிட்டேன். பதினோரு நாள் ஆயிற்று, ஒரு விரல்தானே. ஹெட்மாஸ்டர், தையல்காரம்மா, அவள் மகள், ஊசியக்கா, எல்லாருக்கும் நான் செய்தது இதுதான். எழுதியவன் நான். ஒரு முற்றுப்புள்ளி கூட அவளுடையது இல்லை. பழைய எழுத்துகளின் படங்களை யாராவது வைத்திருந்தால் அழித்துவிட வேண்டாம். எழுதிய ஆள் யார் என்பதைத் திருத்திக்கொண்டால் போதும்.

இப்போது பொத்தானை அமுக்கப் போகிறேன். இதுவும் அவள் பக்கத்தில்தான் ஏறும், மேலே அவள் பெயரும் அவள் முகமும்தான் வரும்; அதை மாற்ற எனக்குத் தெரியாது. மருந்துக்கடைக்காரர் படித்துவிட்டு, 'பாவம், இன்னும் தெளியல, இப்ப அந்தக் கெழவன் மேல பழி போடுது' என்பார். கூட்டம் உச்சுக் கொட்டும். இடையில் இரண்டு இடத்தில் சிரிக்கவும் சிரிப்பார்கள்.

கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் நேரில் சொல்லலாம்தான், நான்கு தெருதான். ஆனால் எனக்கு எழுத்து வருகிற அளவுக்குப் பேச்சு வராது.